தலைக்கு வெயில், வேருக்கு நிழல்

காலை ஏழு மணி பத்து நிமிடம். பின்வளவில் வெள்ளைப்பட்டைப் பேர்ச் மரம், தண்டுகள் மூன்று. தண்ணீரைத் திறந்தவள் பெயர் தவமலர். பென்சில் கனத்துக்கு மேல் வராதபடி குழாயின் திருகியைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஹோஸ் பைப்பைப் பின்வளவுக்கு இழுத்துக்கொண்டுபோய், பேர்ச் மரத்தடியில் பரப்பியிருந்த மரச்சீவல்களின் மேல் போட்டாள். குனிந்தபோது முழங்கால் வலித்தது. யூலை பிறந்து இன்னும் ஒரு மழை இல்லை. ஸ்காபரோவின் புற்றரைகள் எல்லாம் காய்ந்த தும்பு நிறத்துக்கு வந்துவிட்டன. வேகமாக விட்டால் தண்ணீர் மேலால் ஓடிவிடும், பேர்ச்சின் வேர் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் படுத்திருக்கிறது, மெல்ல மெல்லத்தான் கொடுக்கவேண்டும் என்று அவள் புருசன் குலசிங்கம் சொல்வார். சொல்வார் இல்லை, சொன்னவர். இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலில் ஒரு காலை அவர் குளியலறைக் கதவில் சாய்ந்தபடியே சரிந்தார். மூளையில் இரத்தம் கட்டி வலப்பக்கம் முழுவதும் போனது, பேச்சும் போனது. போன பேச்சில் ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சியது. பிழை. பசித்தாலும் பிழை, வலித்தாலும் பிழை, மகள் ஆரணி கல்கரியிலிருந்து வீடியோவில் வந்து அப்பா என்றாலும் பிழை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடாதீர்கள், அது நாக்கில் தங்கிப்போன ஒரு சத்தம், நன்றி என்பதைக்கூட அவர் அப்படித்தான் சொல்லக்கூடும் என்றாள். நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவள் தவமலர். நன்றி என்று அவர் வாயிலிருந்து வந்து கேட்டதில்லை, மற்றது கேட்டிருக்கிறாள். நாக்கில் எது தங்கும் என்று அவளுக்குத் தெரியாதா. சாப்பாட்டு மேசை போட்டிருந்த இடத்தில் இப்போது அவருடைய கட்டில், யன்னலோடு சேர்த்து. தலையணையில் அவர் தலை. தலை திரும்பியிருப்பது மரத்தின் பக்கம். நேற்றுப் பின்னேரம் தொலைபேசி வந்தது. ஏஜக்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்திருக்கிறது, இருவர் தங்கும் அறை, வெள்ளிக்கிழமைகளில் சோறும் கறியும் உண்டு என்று ஒருங்கிணைப்பாளர் பெண் சொன்னாள். இன்றைக்குக் காலை பதினொரு மணிக்குள் ஓம் அல்லது இல்லை. இல்லை என்றால் பட்டியலில் இருந்து பெயர் எடுபடும், திரும்ப விண்ணப்பிக்கலாம், திரும்ப எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றாள் தவமலர். யோசிக்க ஓர் இரவு முழுவதும் இருந்தது. யோசிக்கவில்லை. முதுகு புண்ணாகாமல் அவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டிப் போட்டாள், படுக்கைத் துணி மாற்றினாள், விடிந்ததும் மரத்துக்குத் தண்ணீர் விட வந்துவிட்டாள்.

அண்ணாந்து பார்த்தால் தெரியும். மூன்று தண்டில் நடுத்தண்டின் உச்சி இலையில்லாமல் நிற்கிறது, விரல் விரித்த மாதிரி. கீழே எல்லாம் பச்சை, மேலே மட்டும் குச்சி. போன கிழமை மரம் பார்க்கிற டேவ் வந்து ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். பட்டையில் பாதி நிலா வடிவத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், உள்ளே வண்டு சுரங்கம் வெட்டிப் போயிருக்கிறது, பேர்ச்சுக்கு எப்போதும் வருகிற வண்டுதான் என்றான். மூன்றில் ஒரு பங்குகூடப் போகவில்லை, காப்பாற்றலாம் என்றான். காய்ந்த உச்சியை மரம் உறங்கும் காலத்தில் வெட்டி எடுத்து, வசந்தத்தில் வேரடி மண்ணில் மருந்து ஊற்றி, அடுத்த இரண்டு கோடையும் ஒரு கிழமை தவறாமல் இந்த மாதிரி மெல்லிய தண்ணீர் விட்டால் இன்னும் பதினைந்து வருடம் நிற்கும். இல்லையென்றால் இப்போதே வெட்டிவிடுவது நல்லது, காய்ந்த பேர்ச் உக்கி வீட்டுக்கூரையில் விழும். யோசித்துச் சொல்கிறேன் என்று அவனுக்கும் சொன்னாள். எல்லாரும் அவளிடம் ஓம் அல்லது இல்லை கேட்கிறார்கள். நாற்பத்தொரு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டை வாங்கியபோது கேட்கவில்லை. வாங்கிய அடுத்த வசந்தத்தில் அவர் ஒரு லொறியில் இந்த மரத்தை வேர்க்கட்டியோடு கொண்டுவந்து இறக்கியபோது கேட்கவில்லை. அவள் அந்த இடத்தில் நாலு பாத்தி கட்டி மிளகாயும் தக்காளியும் வைக்கலாம் என்று நினைத்திருந்தாள். பனிக்காலம் முழுவதும் நினைத்திருந்தாள். கல்லுகளைக்கூடப் பொறுக்கி வைத்திருந்தாள். அவர் வீட்டுக்குக் கிழக்கே, பின்னேர வெயில் நிலத்தில் படாத இடமாகத் தெரிந்தெடுத்துக் குழி தோண்டினார். தலைக்கு வெயில் வேணும், வேருக்கு நிழல் வேணும், அதுதான் பேர்ச் என்றார், நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் படித்துவிட்டு. ஊரில் ஒரு கீரைப்பாத்திக்குத் தண்ணீர் இறைக்காத மனுசன். தோட்ட வேலை எல்லாம் தம்பிமாரின் தலையில். இங்கே பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அச்சு இயந்திரத்துக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் மரத்தைப் போய்த் தொட்டுப் பார்ப்பார். பத்தடிக்குள் ஒருவரும் மண்ணைக் கொத்தக் கூடாது, வேர் அறுந்துவிடும். மரத்தடியில் கதிரை போடக் கூடாது, மண் இறுகிவிடும். அவளுடைய மிளகாய் இருபத்து நாலு வருடமும் வாளியில் வளர்ந்தது. வாளியிலும் காய்த்தது, அது வேறு கதை. மரம் வந்த புதிதில் இலையுதிர் காலத்தில் ஒரு விடியற்காலை எழும்பி, முற்றம் கூட்டுகிற பழக்கத்தில், மரத்தடியை ஈர்க்கு அடையாளம் தெரியக் கூட்டி வழித்துவிட்டாள். இலை, சீவல், தூசி எல்லாம். சுத்தமாக இருந்தது. நல்ல பெண்பிள்ளை கூட்டிய முற்றம் மாதிரி இருந்தது. வேலையால் வந்தவர் பார்த்துவிட்டுக் கத்தினார். "அது மரத்தின்ர போர்வையடி. ஐப்பசி மாசக் குளிருக்குள்ள போர்வையை உருவிப்போட்டு நிக்கிறாய்." குப்பைப் பையைக் கிழித்துத் திரும்பவும் எல்லாவற்றையும் கையால் பரப்பினார், தண்டில் படாமல் ஒரு கை அகலம் விட்டு, ஏனென்றால் தண்டோடு ஒட்டினால் பட்டை அழுகும். அந்தப் பனிக்காலம் அவளிடம் இருந்தது ஆரோ போட்டுக் கழித்த மெல்லிய யக்கெற். அதைப் பற்றி அவர் எங்கேயும் படிக்கவில்லை.

"என்ன அன்ரி, விடியமுன்னம் தொடங்கிட்டியள்?" வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு சுகிர்தாவின் தலை, கையில் தேத்தண்ணிக் கோப்பை. வெயிலுக்கு முன்னம் விட்டாத்தான் பிள்ளை மண்ணில இறங்கும் என்றாள் தவமலர், அது அவர் சொல்வது, அவர் குரலிலேயே தன் வாயால் வந்தது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. "மரத்துக்கு டொக்டர் வந்து பாத்தவராம், மருந்து குடுக்கப் போறியளாம்? எங்கட மனுசனுக்கு முதுகு பிடிச்சு மூண்டு கிழமை, ஒரு டொக்டரும் திகதி தாறாரில்லை. பேசாமல் கொண்டுபோய்ப் பின்வளவில நட்டுவிடப் போறன்." தவமலருக்குச் சிரிப்பு வந்தது. நட்டாத் தண்ணி விடவேணும் பிள்ளை என்றாள். "அதுக்குத்தானே யோசிக்கிறன்" என்றாள் சுகிர்தா. பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அங்கிள் எப்பிடி?" இருக்கிறார். "எங்கட மச்சாள் மாமியைப் போன மாசம் ஹோமில விட்டவ. நல்லாப் பாக்கினமாம். ஆனா சனத்தின்ர வாய் இருக்கே. கோயில்ல வச்சு ஒருத்தி கேக்கிறாள், மாமியை விட்டுட்டியள், நாயை மட்டும் ஏன் வச்சிருக்கிறியள் எண்டு." சுகிர்தாவுக்கு ஏஜக்ஸ் விஷயம் தெரியாது. தெரியாமல்தான் சொல்கிறாள். தெரிந்தும் சொல்லலாம், இந்தத் தெருவில் தொலைபேசி மணி அடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். தவமலர் குனிந்து பைப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டாள். நாயை ஏன் வைத்திருக்கிறாய். நேற்று இரவு ஆரணியும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னாள், வேறு மாதிரி. "அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ. இதில யோசிக்க ஒண்டுமில்லை." அவருக்கு அங்க பழக்கமில்லை என்றாள் தவமலர். "இஞ்ச மட்டும் என்ன பழக்கம்? யன்னலைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். நாளைக்கு நீங்கள் விழுந்தா உங்களை ஆர் தூக்கிறது? என்னால உடன ஓடி வரேலாது." உன்னை ஆர் வரச் சொன்னது என்றாள் தவமலர். கல்கரியில் பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, மருமகன் கழுவுகிறான், அவன் கழுவுகிறவன், நல்லவன். "மரத்தை மட்டும் வெட்டிப் போடாதேங்கோ" என்றாள் ஆரணி முடிவில். "பிறகு வீடு விக்கேக்க வளவில ஒரு பெரிய மரம் நிண்டா வடிவு." அப்பா ஏஜக்ஸுக்கு, மரம் வளவுக்கு, வீடு யாருக்கோ. அம்மா எங்கே என்று சொல்லவில்லை. பிள்ளையில் பிழையில்லை. பதினொரு வயதில் அவள் இந்த மரத்தின் தோலை ஒரு பட்டையாக உரித்தெடுத்து, தொட்டித் தண்ணீரில் விடப் படகு செய்தாள். வெள்ளைத் தோல் கடதாசி மாதிரி வந்தது, பிள்ளைக்குச் சந்தோசம். அவர் கன்னத்தில் அறைந்தார். உரித்த இடம் கறுத்தது, பிறகு வெள்ளையாகவில்லை, இப்போதும் இடப்பக்கத் தண்டில் வளையமாகத் தெரிகிறது. பிள்ளை அழவில்லை. அறை வாங்கிய கன்னத்தோடு வந்து, அப்பாவுக்கு ஏனம்மா என்னைப் பிடிக்கேல்லை என்று கேட்டது. தவமலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். பிடிக்கும், சொல்லத் தெரியாது என்றாள். எல்லாப் பெண்களும் சொல்கிற பொய். மரத்துக்குச் சொல்லத் தெரிந்ததே.

இடப்பக்கத் தண்டில், அந்தக் கறுப்பு வளையத்துக்கு மேலே, ஏணி வைத்தால் எட்டும் உயரத்தில் இன்னொரு தழும்பு இருக்கிறது, ஆறி உதடு மாதிரி மூடியது. அது ஆரணியின் கலியாணத்துக்கு வெட்டியது. பார்க்காமல் இருக்கலாம். பார்க்காமல் இருக்கத்தான் இந்தப் பக்கம் நிற்கிறாள், ஆனால் தண்ணீர் சுற்றிப் போகவேண்டும், ஒரே இடத்தில் விடக் கூடாது, கிளைகளின் நிழல் முடிகிற வட்டத்தில் மாற்றி மாற்றி விடவேண்டும். அது ஒரு யூன் மாதம். ஞாயிறு மண்டபத்தில் தாலிகட்டு. அதற்கு முதல் புதன்கிழமை வீட்டில் கன்னிக்கால் நடவேண்டும். ஊரென்றால் முள்முருக்கந்தடி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, வளவின் ஈசான மூலையில். பச்சைத்தடியாக இருக்கவேண்டும், துளிர்க்கிற சாதியாக இருக்கவேண்டும், வந்த பெண்டுகள் பால் தெளித்து, துளிர்க்க என்று மனதுக்குள் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் முள்முருக்குக்கு எங்கே போவது. மண்டபச் சோடினைக்காரர் பச்சைத் துணி சுற்றிய பிளாஸ்ரிக் தடி ஒன்று வாடகைக்குக் கொடுப்பார்கள், எல்லா வீட்டுக்கும் அதே தடிதான் போய் வரும். மொன்றியலில் இருந்து வந்திருந்த அண்ணன் இரத்தினவேல் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இது எத்தினை பேருக்குக் கன்னிக்கால் கண்டுட்டுது? என்ர மருமகளுக்குப் பிளாஸ்ரிக்கோ?" பிறகு யன்னலால் வெளியே பார்த்தான். அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், பொதுவாக, சுவருக்குச் சொல்வதுபோல: இந்த மாசம் மரத்தில கத்தி படக் கூடாது, இப்பதான் வண்டு பறக்கிற காலம், வெட்டின மணத்துக்கு வரும். அது அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் சொன்னாள். அண்ணன், தாய்மாமன் நான் கேட்கிறேன், ஓமோ இல்லையோ என்றான். அன்றைக்கு ஒருவன் கேட்டான். ஓம் என்றாள். ஒரு பெண்ணைப் பெற்று இருபத்தைந்து வருடம் வளர்த்து, வேரில்லாத பிளாஸ்ரிக் தடிக்குப் பால் தெளிக்க முடியாது என்று அப்போது தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. மணிக்கட்டுத் தடிப்பில் ஒரு கிளை, அண்ணனின் மரம் அரிகிற வாள் நாலு இழுப்பில் விழுத்தியது. இரவு வேலை முடிந்து அவர் வந்தபோது வளவில் முப்பது பேர், ஐயர், மேளச் சத்தம் கைத்தொலைபேசியில், மூலையில் மஞ்சள் பூசிய பேர்ச் தடி. அவர் தடியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பிழை விட்டிட்டாய்" என்றார், எல்லாருக்கும் கேட்க. கூறையைப்போல ஒரு சிவப்புச் சேலை உடுத்தியிருந்தாள் தவமலர், தலையில் பூ. அவர் சாப்பாட்டுப் பையைக்கூட வைக்காமல் ஏணியை எடுத்துக்கொண்டுவந்து, வெட்டுக் காயத்தின் பிசிறைக் கத்தியால் சீவி ஒழுங்காக்கத் தொடங்கினார். ஐயர் தகப்பனைக் கூப்பிட்டார். தகப்பன் ஏணியில். "மச்சான் மகளைக் கட்டிக் குடுக்கிறாரோ மரத்தைக் கட்டிக் குடுக்கிறாரோ?" என்றான் அண்ணன், சனம் விழுந்து விழுந்து சிரித்தது, ஒரு கிழவர், சீதனமாக ஏணியையும் குடுக்கச் சொல்லு என்றார். தவமலரும் சிரித்தாள். அந்த இடத்தில் சிரிக்காவிட்டால் என்ன செய்வது. பேர்ச் தடி துளிர்க்கவில்லை, ஐந்து நாளில் இலை சுருண்டது, யாரும் காணமுன் அவளே பிடுங்கி எறிந்தாள். ஆரணியும் புருசனும் நல்லாத்தான் இருக்கிறார்கள். அவர்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும், பருவத்துக்கு முன் ஓர் இலை மஞ்சளானால் அதை எடுத்துக்கொண்டுவந்து குசினி மேடையில், அவள் சமைக்கிற இடத்தில், வைத்துவிட்டுப் போவார். ஒன்றும் சொல்லமாட்டார். வைப்பார், போவார். ஒரு நாள் அந்த இலையை மீன்குழம்பு கொதிக்கிற சட்டிக்குள் போட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறாள். போடவில்லை. துடைத்துக் குப்பையில் போட்டாள், ஏழு கோடை.

டேவ் அந்தத் தழும்பில் விரலை வைத்துப் பார்த்தான் போன கிழமை. கேட்டவள் அவள்தான். கேட்காமல் விட்டிருக்கலாம். இந்த வெட்டாலா வந்தது என்று கேட்டாள், தன் ஆங்கிலத்தில். அவன் இல்லை என்றான். இது ஆறி எத்தனையோ வருடம், நன்றாக மூடியிருக்கிறது, யாரோ கவனமாகச் சீவிவிட்டிருக்கிறார்கள். வண்டு வந்தது பிந்தி, இந்த இரண்டு வருடத்துக்குள். இரண்டு வறண்ட கோடை. தாகத்தில் இருக்கிற பேர்ச்சைத்தான் வண்டு தேடி வரும், தெம்பாக நிற்கிற மரம் உள்ளே போகிற புழுவைத் தானே கொன்றுவிடும். போன கோடையும் முந்தின கோடையும் யார் தண்ணீர் விட்டது என்று கேட்டான். யாரும் விடவில்லை. முந்தின கோடை அவர் ஆஸ்பத்திரியிலும் பிறகு பயிற்சி நிலையத்திலும், அவள் பஸ்ஸிலும். போன கோடை அவர் கட்டிலில், அவள் கட்டிலைச் சுற்றி. அப்போது ஒருவருக்கும் மரம் நினைவில்லை. ஒருவருக்கு இருந்தது. அவர் யன்னலைப் பார்த்து இடக்கையை ஆட்டி ஆட்டிப் பிழை பிழை என்றார், அவள் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று நினைத்துத் திரைச்சீலையை இழுத்து மூடினாள். ஒரு கோடை முழுவதும் திரைச்சீலை மூடியிருந்தது. டேவ் போன பிறகு கட்டிலுக்குக் கிட்டப் போய் நின்றாள். வெட்டினதால இல்லையாம் என்றாள். அவர் பார்த்தார். கேட்டதா, கன்னிக்காலுக்கு வெட்டினதால இல்லையாம், நான் செய்த வேலை இல்லையாம், தண்ணியில்லாமல் வந்ததாம், நீங்கள் விழுந்ததால வந்ததாம். இத்தனையும் சத்தமில்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். எதற்கு என்று தெரியாமல், கல்லுப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்பதுபோல நின்றாள். அவர் இடப்பக்க உதட்டை அசைத்தார். பிழை என்றார்.

இப்போது யன்னலில் தட்டுகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். அவருடைய இடக்கை, மோதிர விரலால் கண்ணாடியில் தட்டுகிறார், டக், டக், பிறகு விரல் வலப்பக்கம் போகிறது. என்ன வேண்டும், புரட்டிப் போடவேண்டுமா, நனைந்துவிட்டாரா. விரல் திரும்பவும் வலப்பக்கம். அவள் கீழே பார்த்தாள். சுகிர்தாவோடு கதைத்துவிட்டு எதையோ யோசித்தபடி பைப்பைத் தண்டோடு ஒட்டிப் போட்டிருக்கிறாள். தண்ணீர் தண்டின் அடியில் குளமாக நிற்கிறது. தண்டடியில் வேர் குடிக்காது, வெளிவட்டத்தில்தான் குடிக்கும், தண்டில் நின்றால் அழுகும். அவர் சரி. கட்டிலில் மூத்திர விரிப்பின் மேல் கிடந்துகொண்டு, முகம் பாதி வழிந்த நிலையில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, அவர் சரி. பைப்பை இழுத்து வெளிவட்டத்தில் போட்டாள். தட்டுகிற சத்தம் நின்றது. கோபம் வந்தது, பழைய ஆள், அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஆள். அதற்கு அவள் முகம்கூடத் திருப்புவதில்லை, குசினியில் அது பாட்டுக்கு உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். போன மாசம் ஒரு நாள் அவர் நனைந்துவிட்டார் என்று தெரிந்தும் அவள் எழும்பவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்து மெல்ல மெல்லக் குடித்தாள். உள்ளே பிழை, பிழை, பிழை. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு வாய். கோப்பை முடிந்த பிறகு போய்த் துடைத்து, பவுடர் போட்டு, புதுத் துணி விரித்தாள், வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துத்தான் துடைத்தாள். பிறகு வந்ததைப் பயம் என்றுதான் சொல்லவேண்டும். அவரைப் பார்த்து அல்ல. அந்தத் தேத்தண்ணி ருசியாக இருந்தது. அதை நினைத்துப் பயம். அப்படியென்றால் ஏஜக்ஸ் நல்லதுதானே. அங்கே யாரும் வேண்டுமென்று அவரை நனையவிட மாட்டார்கள். வேறு காரணங்களுக்காக விடுவார்கள், ஆள் போதாமல், மணி அடித்தது கேட்காமல், பக்கத்து அறையில் ஒருவர் விழுந்துவிட்டதால். அங்கே கிடந்து அவர் பிழை என்பார். ஒரு பெண் சிரித்துக்கொண்டு வந்து, குட் மோர்ணிங் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டு, குட் மோர்ணிங் என்று திருப்பிச் சொல்வாள். யாரும் புண்படமாட்டார்கள். அந்தச் சொல் சுவரில் பட்டு விழும். நாற்பத்தொரு வருடம் அவளுக்காகத் தீட்டிய சொல். அவரைக் கழுவுகிறவர்கள் கையுறை போட்டுக் கழுவுவார்கள், நல்லாக் கழுவுவார்கள், அவர்களுக்கு அவர்மேல் கோபமில்லை. ஏஜக்ஸ் முழுவதும் அவர்மேல் கோபமுள்ள ஓர் உயிர் இருக்காது. அவர் அங்கே ஒரு நல்ல கிழவர். ஐயோ பாவம் என்பார்கள். யன்னலைக் காட்டினால், மரத்தையா சொல்லுகிறார், ஊரில் மரம் வைத்திருந்தாரா என்பார்கள். அப்படி ஒரு நல்ல கிழவராக அவரை முடியவிடுவதா. பைப் முனையிலிருந்து தண்ணீர் சீவலுக்குள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் பிடி போட்ட ஸ்குரூ ட்ரைவரை மண்ணில் குத்திப் பார்த்தாள். பிடி வரை இறங்கினால் போதிய ஈரம். பாதிதான் இறங்கியது. இன்னும் ஒரு மணி நேரமாவது விடவேண்டும். அடுத்த கிழமையும். அதற்கடுத்த கோடையும். கிழமைக்கு ஒரு காலை மரத்துக்கு, ஏழு நாளும் இரவும் பகலும் அவருக்கு, அவளுடைய முழங்கால் இரண்டு. யாராவது ஒருவருக்குத்தான் காணும், இரண்டு பேருக்கும் போதாது. அவரைக் கேட்டால் எதைச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். விரல் மரத்தின் பக்கம்தான் போகும். என்னை அனுப்பு, அதுக்குத் தண்ணி விடு. ஆரணியும் அதைத்தான் சொன்னாள். எல்லாரும் ஒத்துப்போகிறார்கள்.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. பதினொரு மணி ஆகவில்லை, ஒன்பதுகூட ஆகவில்லை. முந்தி எடுத்தால் முந்திப் பதில் வரும் என்று அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் நினைத்திருப்பாள். திருமதி குலசிங்கம், நல்லாகத் தூங்கினீர்களா, முடிவெடுத்துவிட்டீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள், குரல் வெதுவெதுப்பாக இருந்தது, முழங்கையால் சூடு பார்த்த மாதிரி. இல்லை என்றாள் தவமலர். இன்னும் எடுக்கவில்லையா? எடுத்தாச்சு. இல்லை. இடம் வேண்டாம். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். காரணம் ஒன்று பதியவேண்டும், கட்டாயமில்லை, ஆனால் பதிந்தால் நல்லது. தவமலர் யோசித்தாள். நான் இன்னும் முடிக்கவில்லை என்றாள் ஆங்கிலத்தில். அது சரியான ஆங்கிலமா என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண், கணவரை உங்களோடயே வைத்துப் பார்க்க விரும்புகிறீர்கள், அப்படித்தானே, இத்தனை வருடத்துக்குப் பிறகும், எவ்வளவு அழகான விஷயம் என்றாள். அவள் குரல் கொஞ்சம் தழுதழுத்ததுபோல இருந்தது. இளம் பெண்ணாக இருக்கவேண்டும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கோ என்றாள் தவமலர். தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய்த் திருகியை முழுவதும் இறுக்கினாள். பைப் ஒருமுறை துள்ளிப் படுத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். "என்ன அன்ரி, அதுக்குள்ள நிப்பாட்டிட்டியள்? மண் இன்னும் காய்ஞ்சுபோய்க் கிடக்குதே." காணும் பிள்ளை என்றாள் தவமலர். இருபத்து நாலு வருசம் குடிச்சது காணும். சுகிர்தா அதை ஒரு பகிடி என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். யன்னலில் தட்டுகிற சத்தம் கேட்டது, டக், டக், டக், முன்னையதிலும் வேகமாக. வாறன் என்றாள், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும். பைப்பைச் சுருட்டினாள், கடைசிச் சுற்றில் மிஞ்சியிருந்த தண்ணீர் அவள் காலில் கொட்டியது, குளிர்ச்சியாக இருந்தது. உள்ளே போய், கையைக் கழுவி, அவரை யன்னல் பக்கமாகவே புரட்டிப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தாள். பிழை என்றார். ஓம் என்றாள். பிறகு டேவின் இலக்கத்தைத் தேடி எடுத்தாள்.

2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு வந்தவர்கள் பேர்ச் மரத்தின் மூன்று தண்டுகளையும் வெட்டி இறக்கி, அடிக்கட்டையையும் அரைத்து எடுத்துக்கொண்டு மதியத்துக்கு முன் போய்விட்டார்கள். குலசிங்கம் விழித்திருந்தார்.